அபிஜித்தில் இன்றைக்கு

"வயசைச் சொல்லுங்க, உங்க நட்சத்திரத்தைக் காட்டுறேன்." வானாய்வுக் கூடத்து மொட்டைமாடிக்கு மாலையில் ஏறிவரும் எல்லோரையும் தொலைநோக்கிக்காரர் இப்படித்தான் வரவேற்பார். உடன் வேலை செய்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒளியாண்டு. டீ குடிக்கப் போனால் திரும்பி வர அவ்வளவு நேரம் ஆகுமாம். "அது தூரம்யா, நேரமில்ல. வெளிச்சம் ஒரு வருஷத்துல போற தூரம்" என்று அவரும் சளைக்காமல் திருத்துவார்.

பதினேழு வயது என்றால் பதினேழு ஒளியாண்டு தொலைவில் இருப்பதைக் காட்டுவார். நீ பிறந்த வருஷம் புறப்பட்ட வெளிச்சம் இப்போதுதான் உன் கண்ணுக்குள் நுழைகிறது என்றதும் வாயாடிகள்கூட வாயடைத்துப் போவார்கள். எண்களில் புள்ளிக்குப் பின்னால் வருவதையெல்லாம் அவர் கிள்ளி எறிந்துவிடுவார். பிறந்தநாள் கொண்டாட வந்தவர்களிடம் தசமக் கணக்குப் பேசினால் யார் கேட்பது?

அன்று வரிசையின் கடைசியில் நின்ற அம்மாள், "இருபத்தஞ்சு" என்றார். காதோரம் நன்றாக நரைத்திருந்தது.

"அக்கா, கொஞ்சம் பார்த்துக் குறைங்க. ஒரேயடியா பாதியாக்கிட்டீங்களே!"

வரிசையே சிரித்தது. அம்மாள் சிரிக்கவில்லை, கோபப்படவுமில்லை. கூட்டம் இறங்கிப் போகும்வரை ஓரமாக நின்றுவிட்டு அருகில் வந்தார்.

"பாதிதான் தம்பி. நாங்க ரெட்டைப் பிள்ளைங்க. எனக்கு அம்பது. அவ இருபத்தஞ்சோட நின்னுட்டா. நாளையோட இருபத்தஞ்சு வருஷம் ஆகுது."

ஒளியாண்டுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. தொலைநோக்கியை இருபத்தைந்து ஒளியாண்டு தொலைவிலுள்ள அபிஜித் நட்சத்திரத்தின் பக்கம் திருப்பினார். அம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அங்கேருந்து யாராவது இப்ப இங்க பார்த்தா?"

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முந்தின நம்மளத்தான் பார்ப்பாங்க."

"அப்ப இன்னைக்கு அங்க அவ இருக்கா." குரல் இறங்கியது. "நாளைக்கு அங்கேயும் போயிடுவா. அதான் இன்னைக்கே ஓடிவந்தேன்."

ஒளியாண்டு சட்டென்று நிமிர்ந்தார். மேசைக்குப் போய் அட்டவணையைப் புரட்டினார். அவர் கிள்ளி எறிந்த புள்ளி அங்கே பத்திரமாக இருந்தது: 25.04. விரல்விட்டு எண்ணினார். நம்பாமல் காகிதத்திலும் போட்டுப் பார்த்தார்.

"அக்கா, நான் சொன்னது தப்பு. இருபத்தஞ்சுக்கு மேல ரெண்டு வாரம் இருக்கு. அளவு கொஞ்சம் முன்னபின்ன இருக்கலாம், அதையும் சொல்லிடுறேன். ஆனா இந்தக் கணக்குப்படி இன்னும் பதினஞ்சு நாள் அவங்க அங்க இருப்பாங்க."

அம்மாள் தொலைநோக்கியின் குழலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொடக்கூடாது என்ற பலகை பக்கத்திலேயே தொங்கியது. ஒளியாண்டு தடுக்கவில்லை.

"பதினஞ்சு நாளா? அப்ப நல்லாத்தான் இருந்தா தம்பி. ஒரே சீப்புக்கு ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிட்டிருந்தோம்." சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவருக்கு.

ஒளியாண்டு மாடிச் சுவரோரம் போய்த் தெருவை எட்டிப் பார்த்தார். ஆயிரம் தடவை சொன்ன விஷயம்தான். ஆனால் இத்தனை வருடமும் வருகிற வெளிச்சத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், இங்கிருந்து போகிற வெளிச்சத்தை ஒருநாளும் நினைத்ததில்லை. தெருவில் நடப்பவர்கள், மாடியில் துணி எடுப்பவர்கள், சீப்புக்கு அடித்துக்கொள்ளும் அக்கா தங்கைகள், எல்லோரும் ஓயாமல் மேலே கிளம்பிப் போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஒருவர்கூட வழியில் நிற்கவில்லை. அம்மாடி, எவ்வளவு பெரிய ஊர்வலம் என்று அவருக்குத் தோன்றியது.

அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கலைந்த முடியை ஒதுக்கி, மாடியின் நடுவில் போய் நின்றார்.

"நீங்களும் வாங்க தம்பி. போய்ச் சேர இருபத்தஞ்சு வருஷம் ஆகும்ல. சிரிச்ச முகமா நில்லுங்க."

நட்சத்திரம் பார்க்கும் இடத்தில் விளக்குப் போடக்கூடாது என்று சட்டம் வைத்தவரே ஒளியாண்டுதான். அவர் மாடி விளக்குகளை ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு அம்மாளின் பக்கத்தில் போய் நின்று, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, அபிஜித்தை அண்ணாந்து பார்த்துச் சிரித்தார்.