தகரத்தில் ஒரு அறை

பெரியவரின் அடியாள் கிளைவ், பாட்டெழுதும் ஏவ்ரிலிடம் காலையிலேயே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். "சிஸ்டர், இன்னைக்கு ஸ்கூல் விழாவுல உங்க நண்டுப் பாட்டு சொல்லுங்க. பாடப் புத்தகத்துல இருக்கே, புள்ளைங்களுக்கு உசுரு. ஜொனெல் பாட்டு மட்டும் வேண்டாம். பெரியவருக்குக் காது வலிக்குதாம்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். இடுப்பில் புடைத்திருந்த துப்பாக்கியைச் சட்டையால் மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

ஜொனெல் ஒன்பது வயதுப் பிள்ளை. தேர்தல் சண்டையில், வட்டாரத்தையே ஆட்டிவைக்கும் அந்தப் பெரியவரின் ஆட்கள் சுட்ட குண்டு, ரொட்டி வாங்கப் போனவளின் உயிரைக் குடித்தது. பாதி கிங்ஸ்டனுக்குத் தெரிந்த சங்கதி. வாயைத் திறக்கத்தான் ஆளில்லை. ஏவ்ரில் பாட்டாக எழுதிவிட்டாள். எழுதினால் ஆயிற்றா, மேடையில் சொல்ல வேண்டுமே! பிள்ளையின் அம்மா ஐவியிடம் "விழாவுல சொல்றேன்" என்று வாக்கு வேறு கொடுத்துத் தொலைத்திருந்தாள்.

மூன்று மணி வெயிலில், பள்ளி மேடையில், இசைத்தட்டு ஓட்டும் டென்சில் வெறும் தாளம் மட்டும் உள்ள தட்டைச் சுழலவிட்டான். தாளம் நெஞ்சை இடித்தது. முன்வரிசையில் ஐவி. வேலியோரம் கரும்பு மென்றபடி கிளைவ். ஏவ்ரில் அவனைப் பார்த்தாள். தாளத்தோடு நண்டுப் பாட்டையே சொல்லி முடித்தாள். ஐவி தலையைக் குனிந்துகொண்டாள்.

படபடவென்று சத்தம். ஏவ்ரில் டென்சிலின் மேஜைக்கடியில் போய் விழுந்தாள்.

"மிஸ், தகரம் மிஸ்! நாங்கதான் தட்டினோம்!" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தன.

பாட்டு பிடித்துப்போனால் தகர வேலியைத் தட்டுவார்கள். தட்டிவிட்டால் முதலிலிருந்து மறுபடி சொல்லியே ஆகவேண்டும், யாராக இருந்தாலும் சரி. பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த வழக்கம்தான். பயம் அதையும் மறக்கடித்துவிட்டது.

டென்சில் முள்ளைத் தூக்கி ஆரம்பத்தில் வைத்தான். முழங்கால் மண்ணோடு எழுந்தவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. இதற்குமேல் பயப்பட என்ன மிச்சம் என்று நினைத்தாள். நிறையவே மிச்சம் இருந்தது. மைக்கைப் பிடித்து, வேறு பாட்டை ஆரம்பித்தாள்.

"ஜொனெல், ஜொனெல், ரொட்டி எங்கே?
ரொட்டி தெருவில, நீ எங்கே?
சுட்டவன் எங்கே, சொல்லு தெருவே,
தினமும் பாக்குறியே, சொல்லு தெருவே!"

முடித்தபோது ஒருவரும் தகரத்தைத் தட்டவில்லை. கிளைவ் சக்கையைத் துப்பினான். "போதும் சிஸ்டர். வீட்டுக்குப் போங்க."

போய்விட்டால் போதும் என்றுதான் அவளுக்கும் இருந்தது. இறங்கப் படியில் ஒரு கால் வைத்துவிட்டாள்.

ஐவி எழுந்தாள். நேரே வேலிக்கு நடந்து, கிளைவின் தோளுக்குப் பக்கத்தில், உள்ளங்கையால் தகரத்தில் ஓங்கி ஒரு அறை அறைந்தாள்.

டென்சில் ஏவ்ரிலைப் பார்த்தான். முள்ளை எடுத்து ஆரம்பத்தில் வைத்தான். கிளைவின் கை இடுப்புக்குப் போயிற்று. ஏவ்ரில் படியிலிருந்து காலை எடுத்து, மைக்குக்குத் திரும்பி வந்து, அந்தப் பிள்ளையின் பெயரை முதலிலிருந்து சொன்னாள்.