பிரிஜட் எழுதிக் கொடுத்த பாஸ்வேர்ட்

மூன்றாவது கப்பலும் கைநழுவிப் போனது. சிங்கப்பூரின் செம்பவாங் கரையிலிருந்து காய்கறியும் குடிதண்ணீரும் ஏற்றிக்கொண்டு, கப்பல்களுக்குச் சரக்கு கொடுக்கும் இவர்கள் கம்பெனியின் படகு போய்ச் சேர்ந்தபோது, போட்டிக் கம்பெனிக்காரன் சரக்கை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான்.

"நமக்கு வர்ற சேதி அவனுக்கு எப்படிப் போகுது?" என்று சனிக்கிழமை காலை முதலாளி சுப்பிரமணியம் கத்தினார். "கம்ப்யூட்டர் மெஷின் பக்கத்துல உக்கார்றது கிளார்க் ஹலீமாதான். வர்ற வெள்ளிக்கிழமையோட அவ போகட்டும்."

காரியதரிசி பிரிஜட் குறிப்பெடுப்பதை நிறுத்தினாள்.

அது 1987. கப்பல்காரர்களின் சேதிகள் டெலிபோன் லைன் வழியாக அலுவலகக் கம்ப்யூட்டருக்கு வரத் தொடங்கியிருந்த காலம். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் முதலாளிக்கும் பிரிஜட்டுக்கும் மட்டுமே தெரியும் என்று முதலாளி நம்பிக்கொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்கு முன் லாசரஸ் ஒரு புரோகிராம் விற்க வந்தான். பிரிஜட் போகும் மாதா கோவிலில் பாடுகிறவன். புரோகிராம் தானே சேதிகளை இறக்கிவிடும், ஒவ்வொரு தடவையும் டயல் செய்ய வேண்டாம் என்றான். முதலாளி வாங்கச் சொன்னார். பாஸ்வேர்டை மட்டும் நீயே மெஷினில் அடி என்றார். அன்று வேலை நெருக்கடி. ஒரு தாளில் எழுதி லாசரஸிடம் நீட்டிவிட்டாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் சிராங்கூன் ரோடு காப்பிக்கடையில் அவனைப் பிடித்தாள்.

"போட்டிக் கம்பெனிக்கும் நீதான் புரோகிராம் போட்டுக் கொடுத்தியா? எங்க பாஸ்வேர்டை வச்சி எங்க சேதியை அவங்களுக்குக் கொடுக்கிறியா?"

அவன் காப்பியை ஆற்றினான். "உங்க கையெழுத்துல இருக்கிற பேப்பர் எங்கிட்ட பத்திரமா இருக்கு சிஸ்டர். சொன்னா முதல்ல யார் வேலை போகும்? பேசாம இருங்க லா."

வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான். பாஸ்வேர்டைச் சத்தமில்லாமல் மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றியது. திங்கட்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு டெலிபோன் அலுவலகத்துக்குப் போனாள். கவுண்டரில் இருந்த நூருன்னிசா நடந்ததைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"மெயின் பாஸ்வேர்டை ஏன் வெளி ஆளுக்குக் கொடுத்தீங்க? அதை வச்சிப் படிக்கலாம், உங்க பேர்ல அனுப்பலாம், அழிக்கலாம். வெளி புரோகிராமுக்குன்னு தனி பாஸ்வேர்ட் தருவோமே. அது சேதியை எடுக்க மட்டும்தான். சந்தேகம் வந்தா அதை மட்டும் கேன்சல் பண்ணலாம்."

"இப்பவே மெயின் பாஸ்வேர்டையும் மாத்தி, அந்தத் தனி பாஸ்வேர்டும் கொடுங்க."

"கணக்கு யார் பேர்ல இருக்கோ அவங்க ஸைன் பண்ணணும்."

கணக்கு முதலாளி பேரில் இருந்தது. பிரிஜட் படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் நடமாடினாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். லாசரஸ் ஒருமுறை அலுவலகத்துக்கே போன் செய்து நலம் விசாரித்தான். வியாழக்கிழமை மாலை ஹலீமா தன் மேசையைக் காலி செய்தாள். டிராயரிலிருந்த பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டாள். அழவில்லை.

பிரிஜட் எழுந்து முதலாளி அறைக்குள் போனாள். கதவைக்கூடச் சாத்தவில்லை.

"சார், ஹலீமா இல்ல. நான்தான் கொடுத்தேன்."

லாசரஸ் விஷயம் முழுவதையும் சொல்லிப் படிவத்தை மேசையில் வைத்தாள். முதலாளி அதை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். லாசரஸின் புரோகிராம் போனது. வேறு ஒன்று தனி பாஸ்வேர்டோடு வந்தது. ஹலீமா தங்கினாள், மெஷின் பொறுப்பும் அவளுக்கே போனது. பிரிஜட்டை வேலையிலிருந்து நீக்கவில்லை. சரக்குக் கிடங்கில் மூட்டைகளுக்குச் சீட்டு எழுத அனுப்பினார்கள்.

அடுத்த கப்பலுக்கு இவர்கள் படகுதான் முதலில் போனது. அந்தச் செய்தியைக் கிடங்குக்கு வந்து சொன்னவள் ஹலீமா. சொல்லிவிட்டு, பிரிஜட்டின் முகத்தைப் பார்க்காமலே திரும்பிப் போனாள்.