லைனிங் வைத்த காலுறை

தையல் கடைக்குக் கிளம்பும் முன் என் வீட்டுக்காரர் கடைசியாகச் செய்தது, மகளின் உள்ளங்காலை அளந்ததுதான். "பதினஞ்சு நாள்ல ஒரு நூல் அளவு வளந்திருக்காங்க, மேடம்," என்று வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல என்னிடம் அறிவித்துவிட்டு, டேப்பைக் கழுத்தில் போட்டபடியே படியிறங்கினார். கடைக்கு எதிரே சாலையைக் கடக்கும்போது லாரி மோதி இறந்துபோனார்.

நான் எழுத உட்கார்ந்தது அதைப் பற்றி அல்ல. அதற்குப் பத்து நாள் முன்பு நடந்த கூத்தைப் பற்றி.

மகள் குறைமாதத்தில் பிறந்தவள். இதயம் சில நேரம் வேகம் குறைந்துவிடும் என்று, வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு சின்னக் கருவியையும் கொடுத்தனுப்பினார். இடது பாதத்தில் சுற்றும் பட்டையில் ஒரு சிவப்பு விளக்கு. அந்த வெளிச்சம் தோலுக்குள் புகுந்து துடிப்பை எண்ணும். நூற்று நாற்பதை ஒட்டி ஓடினால் நிம்மதி. எண் விழுந்தால் வீடே அதிரக் கத்தும். ஆறு வாரம் விழாமல் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த ஆறு வாரத்தைத் தவிர எங்களுக்கு வேறு நினைப்பில்லை.

அவள் உதைத்த உதையில் பட்டை நழுவிக்கொண்டே இருந்தது. இவர் தையல்காரர், சும்மா இருப்பாரா? பட்டையைச் செருகப் பை வைத்து ஒரு காலுறை தைத்தார். விளக்குக்கு நேராகத் துளை வெட்டவும் மறக்கவில்லை.

மாட்டியதும் எண் மறைந்து இரண்டு கோடு வந்தது. கருவி கத்தியது.

இவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓட, நான் கருவியோடு பின்னால். ஒயர் நீளம் மூன்றடி. கல்யாணத்தன்றுகூட நாங்கள் அவ்வளவு ஒட்டி நடந்ததில்லை. மூன்று மாடியும் குழந்தை வீறிட்டு அழுதுகொண்டே வந்தது. இப்படி அழுகிற பிள்ளைக்கு எப்படித் துடிப்பு நிற்கும் என்று இருவருக்கும் உறைக்கவில்லை.

கீழ்வீட்டு நர்ஸ், தலையில் பாதிச் சாயத்தோடு கதவைத் திறந்தார்.

"சிஸ்டர், துடிப்பு இல்ல."

அவர் குழந்தையின் மார்பில் இரண்டு விரலை வைத்தார். "யாருக்கு இல்ல மாஸ்டர், உங்களுக்கா? இது கோவத்துல நூத்தி அறுபதுல ஓடுது." காலுறையைக் கழற்றி உள்ளே திருப்பினார். "ஓட்டை போட்டிருக்கீங்க, சரி. அந்த ஓட்டைய மூடிக்கிட்டு இது என்ன?"

"லைனிங்."

"இத்துணூண்டு காலுறைக்கா?"

"வெட்டின ஓரம் பிள்ளைக்கு உறுத்தும்ல."

"அதுவும் கறுப்புல."

"கோட்டுக்கு எடுத்ததுல மிச்சம், சிஸ்டர். நல்ல துணி."

நான் படியில் உட்கார்ந்தேன். சிரிப்பில் எழுந்திருக்க முடியவில்லை. இவரும் பக்கத்தில் சரிந்தார். சாயம் நெற்றியில் வழிவது தெரியாமல் நர்ஸ் சிரித்தார். அம்மா அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பதுபோல மகள் அழுகையை நிறுத்தினாள். வெறும் பாதத்தில் பட்டையைச் சுற்றியதும் எண் வந்தது: நூற்று நாற்பத்திரண்டு. மாடிக்கு மாடி நின்று நின்று சிரித்தபடி மேலே ஏறினோம்.

ஆறாவது வாரம் மகளைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் போனேன். எண் ஒருநாளும் விழவில்லை. "இனி இது வேண்டாம்மா," என்றார் டாக்டர். கருவி, ஒயர், கையேடு எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது அவளுக்குப் பதினொரு வயது. தூங்கும்போது இடது காலை மட்டும் இன்னமும் போர்வைக்கு வெளியேதான் வைத்துக்கொள்கிறாள்.