பீரோ திரும்புமா

சந்தின் திருப்பத்தில் ஐஸ் பெட்டி முட்டிக்கொண்டு நிற்கிறது, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர், கொஞ்சம் சாச்சுப் புடிப்பா என்கிறான் ஒருவன், சாய்த்தால் கண்ணாடி போயிடும் என்கிறான் இன்னொருவன், உள்ளே திரும்ப அரையடிதான் குறைகிறது, அந்த அரையடியைத் தன் கையாலேயே பிளானில் போட்ட பூங்கோதை வாசலில் நின்று பார்க்கிறாள், தெருவில் வண்டிக்குள் அப்பா படுத்திருக்கிறார், தம்பி மஸ்கட்டிலிருந்து வர இரண்டு நாள் ஆகும், பெட்டி இல்லாமல் முடியாது, முன்வீட்டுக்காரர் நல்ல மனிதர், எங்க ஷெட்லயே வெச்சுக்கம்மா என்று காரை வெளியே எடுக்கிறார், முப்பத்தைந்து வருஷம் வாடகைக்கு இருந்துவிட்டுச் சொந்த வீடு கட்டியவர் கடைசி இரண்டு நாளும் அடுத்தவர் ஷெட்டில் கிடந்தார், சொந்த வாசப்படி ஏறலியேடி உங்கப்பா என்று அம்மா அழுதாள், பூங்கோதையை யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் தேவலை.

அதற்கு ஆறு வருஷம் ஆயிற்று, இப்போது அவள் நிற்பது பம்மலில், இரண்டு வீடுகளுக்குப் பின்னால், இளநீர்க் கூடும் உடைந்த பீங்கானுமாக யாரும் சீந்தாமல் கிடந்த மனையில், உள்ளே வர நாலடிச் சந்து ஒன்றுதான் வழி, மற்ற இன்ஜினியர்கள் தலையைச் சொறிந்துவிட்டுப் போகிற இம்மாதிரி மனைகளுக்குத்தான் அவளைத் தேடி வருகிறார்கள், மனைக்காரர் தணிகாசலம், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், சந்து நேரா வாசலைக் குத்துது மேடம், தெருக்குத்து ஆவாது, ஒரு திருப்பம் வெச்சுக் குடுங்க என்கிறார், அன்று அவர்கள் வீட்டுக்குப் பிளான் போடும்போது அம்மாவும் இதையேதான் கேட்டாள், அப்பா மட்டும் இரண்டு கையையும் விரித்துப் பார்த்து, பீரோ திரும்புமா பாப்பா என்றார், கழட்டி மாட்டுற பீரோவா வாங்கிக்கலாம்ப்பா என்று சொல்லிவிட்டாள், இருபத்தெட்டு வயசுத் திமிர், அவரும் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

திருப்பம் வெக்கலாம் சார், ஆனா ஹால் மூலையை ரெண்டடி சாய்வா வெட்டணும் என்றாள், தணிகாசலம் முகம் சுண்டிவிட்டது, ஹாலே பத்துக்குப் பத்து, சோபா எங்க போடறது, எதுக்கு வெட்டணும், பீரோ திரும்பணும் சார், நான் கழட்டி மாட்டுறதுதான் வாங்கப்போறேன் மேடம் என்றார், புது வீடு கட்டுகிற அறுபத்து மூன்று வயசு மனிதரிடம் எந்த வாயால் சொல்வது, மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சுவர் வரப்போகிற இடமெல்லாம் முளையடித்து இடுப்புயரத்துக்குக் கயிறு கட்டச் சொன்னாள், ஏழடிச் சென்ட்ரிங் பலகையைப் போடச் சொல்லி அதன்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டாள், தூக்குங்க.

ஆவாது மேடம், நல்ல காரியம் நடக்கிற எடம், எந்திரிங்க என்று பதறினார் மேஸ்திரி, பீரோன்னு நெனச்சுத் தூக்குங்க என்றாள், நாலு பேர் தூக்கினார்கள், திருப்பத்தில் பலகை கயிற்றில் முட்டி நின்றது, மேலே பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை ஆடுகிறது, ஐஸ் பெட்டிக்குள் கிடந்த அப்பாவுக்கு மேலே ஷெட்டின் தகரம்தான் இருந்தது, தணிகாசலம் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், தாமே போய் ஹால் மூலையின் முளையைப் பிடுங்கி ரெண்டடி உள்ளே தள்ளி அடித்தார், பிறகு வழியில் நின்றுகொண்டு, பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது சொல்கிற குரலில், வரட்டும், வரட்டும், லெஃப்ட்ல பாத்து, வரட்டும் என்றார், பலகை எதிலும் படாமல் திரும்பியது, இன்னும் கட்டாத வாசற்படியைத் தாண்டி அவளை உள்ளே கொண்டுபோய் இறக்கி வைத்தார்கள்.