போன பிறகு பிரிக்கும் தையல்

நல்ல துணியை எதற்காக வெட்ட வேண்டும், வெட்டியதை எதற்காக மறுபடி சேர்த்துத் தைக்க வேண்டும்? எங்கள் அடுக்குமாடியின் மொட்டை மாடியில் அந்தப் போர்வையைப் பார்த்ததிலிருந்து எனக்கு இதே யோசனையாக இருந்தது. கட்டம் போட்ட லுங்கி, பூப்போட்ட நைட்டி, கோடு போட்ட சட்டை எல்லாம் சதுரம் சதுரமாகி ஒரே போர்வையாகக் கொடியில் தொங்கின. கிட்டப் போய்ப் பார்த்தேன். சதுரங்களின் மேல் இலை இலையாகக் கைத்தையல் ஓடியிருந்தது. இதற்குச் செலவான நேரத்தில் ஒரு வீட்டுக்கே போர்வை வாங்கி வந்திருக்கலாம்.

அப்போது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் பார்த்த இரவு வேலையை விட்டிருந்தேன். வெளிநாட்டுக்காரர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலை. வேலை போயும் தூக்கம் திரும்பவில்லை. அடுத்தவர் துணியை ஆராய எனக்கு வேண்டிய நேரம் இருந்தது.

போர்வையை எடுக்க வந்தவள் பவ்யா. கீழ்த்தளத்தில் குடியிருக்கிறாள், ஐடி வேலை, கோயம்புத்தூர்க்காரி. அதுவரை லிஃப்டில் பார்த்துத் தலையாட்டியதோடு சரி.

“இந்த வெயில்ல யாருங்க இதப் போத்திக்குவாங்க?” என்று கேட்டேன்.

“ஏசி போட்டா போத்திக்கணுமில்லைங்க?”

“அப்ப ஏசி எதுக்கு?”

பவ்யா சிரித்துவிட்டாள். “சனிக்கிழமை என்கூட வாங்க. பூந்தமல்லியில எங்க குவில்ட் சங்கம் இருக்கு, இந்த மாதிரி போர்வை தைக்கறவங்க. கேக்கறத எல்லாம் அங்க வந்து கேளுங்க.”

சங்கம் என்றால் பதிவு செய்த சங்கம் அல்ல. ஒரு வாட்ஸ்அப் குழு, ஒரு மரச்சட்டம், அதைச் சுற்றி உட்காரும் மூன்று பெண்கள். மேலே துண்டுத் துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் முழுத்துணி; இந்த மூன்றும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் இருக்கத்தான் அந்த இலைத் தையல். சட்டத்தில் எப்போதும் ஒருவருடைய போர்வைதான் இருக்கும். எல்லோருமாக அதைத் தைப்பார்கள். முடிந்ததும் அடுத்தவருடையது ஏறும். புதிதாக வருபவர் மூன்று சனிக்கிழமை சும்மா வந்து பார்க்கலாம். மூன்றாவது வாரம் சேர்வதா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும். சேர்ந்துவிட்டால் எல்லோருடைய போர்வையும் முடியும்வரை வந்தே ஆக வேண்டும். தன்னுடையது முடிந்ததும் நழுவிய ஒருத்தியை இன்னும் பேர் சொல்லித் திட்டுகிறார்கள்.

“தூங்க வுடாத வேலைய வுட்ட. இப்ப போர்வ தைக்கப் போற. கரெக்டாத்தான் கீது,” என்றான் என் தம்பி கோகுல்நாத். பருத்திப்பட்டு வீட்டில் நாங்கள் இருவர்தான். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே சொன்னான்: “ஆனா சேந்துகினு பாதில ஓடியாந்துறாதக்கா. டிப்ளமா பாதி, டைப்ரைட்டிங் பாதி, இப்ப வேலையும் பாதி. அந்தப் பொம்பளைங்க வாயில போய் வுயாத.”

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. இன்னொன்றைப் பாதியில் விடுவதைவிடச் சேராமலே இருந்துவிடலாம். அதை முடிவு செய்யத்தான் போனேன்.

சங்கம் கூடும் வஹீதுன்னிசாவின் வீடு டிரங்க் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்தது. கீழே அவர் கணவர் அப்துல் ஜப்பாரின் திரைச்சீலைக் கடை, மேலே வீடு. மெட்ரோ வேலையின் தூசிக்குப் பயந்து ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். முன்னறையை முழுக்க அடைத்துக்கொண்டு சட்டம் கிடந்தது. அதில் ஏறியிருந்தது சரசாவின் போர்வை. சரசா முகப்பேரில் ஒரு பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். வளர்ந்துபோன பிள்ளைகளின் பழைய சீருடைகளைக் கேட்டு வாங்கி வெட்டியிருந்தாள். நீலமும் சிவப்புக் கட்டமுமாக, ஒரு பள்ளியையே மடித்து வைத்தது போல இருந்தது.

என் கேள்வியைக் கேட்டேன்.

“கடையில மிஞ்சறது துண்டாத்தானம்மா மிஞ்சுது. முழுசா மிஞ்சினா நான் ஏன் தைக்கப் போறேன்?” என்றார் வஹீதுன்னிசா. “பவ்யாதான் முழுத்துணிய வாங்கியாந்து வெட்டுவா. அவளக் கேளு.”

“வெட்டறப்ப நல்லா இருக்குங்க,” என்றாள் பவ்யா. அவ்வளவுதான்.

இரண்டு பதிலும் எனக்குப் போதவில்லை. ஆனாலும் ஊசியை வாங்கிக்கொண்டேன். சாக்பீஸால் வரைந்திருந்த ஓர் இலையை எனக்கு ஒதுக்கினார்கள். பார்க்க எளிது. மூன்று அடுக்கையும் ஊசி பிடித்து வெளியே வர வேண்டும், தையல் ஒரே அளவில் இருக்க வேண்டும், நூலின் முடிச்சை இழுத்து உள்ளே புதைக்க வேண்டும். என் தையல் ஒன்று நெல் அளவு, ஒன்று எள் அளவு. முடிச்சு மேலேயே துருத்திக்கொண்டு நின்றது.

“சூப்பரா வருது,” என்றாள் சரசாக்கா, தலையைச் சாய்த்துப் பார்த்து. “கைராசி கீது ஒனக்கு.”

நான் நம்பவில்லை. ஆபீசிலும் இப்படித்தான். போனில் பேசி முடித்ததும் பிரமாதம் என்பார்கள், குறைத்துப் போட்ட மதிப்பெண் பிறகு வரும்.

அடுத்த சனிக்கிழமை உட்கார்ந்ததும் முதலில் என் இலையைத் தேடினேன். இருந்தது. முடிச்சைக் காணவில்லை. தையல்கள் அச்சில் வார்த்தது போல இருந்தன. அடியில் கையை விட்டுத் தடவினேன். எல்லாத் தையலும் அடித்துணியைப் பிடித்திருந்தது. துணி தானாகத் திருந்தாது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது சொல்வார்கள். பார்த்தால்தான் தெரியும்.

அன்று வேண்டுமென்றே ஓர் இலையைப் பாகற்காய் மாதிரி தைத்து வைத்தேன்.

“அடடா! போன வாரத்துக்கு இந்த வாரம் இன்னா டெவலப்பு!” என்றாள் சரசாக்கா.

“நீட்டா இருக்குங்க,” என்றாள் பவ்யா.

வஹீதுன்னிசா எனக்கு இன்னொரு சமோசாவை எடுத்து வைத்தார்.

பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்று பவ்யாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்தேன். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன். கதவு திறந்தே இருந்தது.

மூவரும் என் பாகற்காயின் மேல் குனிந்திருந்தார்கள். பவ்யா செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டிருந்தாள். தையல் பிரிக்கும் சின்னக் கத்தியால் சரசாக்கா ஒவ்வொரு நூலாக அறுக்க, வஹீதுன்னிசா அதை இழுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். துணிக்கு வலித்துவிடுமோ என்பது போல அவ்வளவு பதமாகச் செய்தார்கள்.

முதலில் பார்த்தவள் சரசாக்கா. “ஐயோ, இன்னாம்மா... கொடைய வுட்டுட்டியா?”

“இல்லக்கா. பிரிக்கிறீங்களான்னு பாக்க வந்தேன்.”

பவ்யா டார்ச்சை அணைத்தாள். அதனால் ஒரு பயனும் இல்லை, வெளிச்சம் நன்றாகவே இருந்தது.

“தப்பா எடுத்துக்காதம்மா,” என்றார் வஹீதுன்னிசா. “புதுசா வர்றவங்களுக்கு இப்படித்தான். மூஞ்சிக்கு நேரா சொன்னா அடுத்த வாரம் வர மாட்டாங்க. போனதும் பிரிச்சுத் தெச்சுருவோம். கொஞ்ச நாள்ல கை தானா படிஞ்சுரும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் இருந்தது. “கை படிஞ்சிருச்சுன்னு எப்ப சொல்வீங்க?”

“சொல்ல மாட்டோம். பிரிக்கிறத நிறுத்திருவோம்.”

“அப்ப நிறுத்திட்டீங்களான்னு தைக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

பவ்யா மெதுவாக நிமிர்ந்தாள்.

“என்னோடத எப்பங்க நிறுத்தினீங்க?”

சரசாக்கா நூல் தட்டைப் பார்த்தாள். வஹீதுன்னிசா சரசாக்காவைப் பார்த்தார்.

“அக்கா, ரெண்டு வருஷமா வர்றேன். நிறுத்தியாச்சுதானே?”

“நீ எப்பவும் ஆபீஸ் போன் வந்தா பாதில எழுந்து போய்டுற கண்ணு. அப்பதான் பிரிப்போம்,” என்றாள் சரசாக்கா. “வேற ஒண்ணியும் இல்ல.”

இதைச் சொல்லிவிட்டு அவளே நின்றுவிட்டாள். அவள்தான் வழக்கமாகப் பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எல்லோருக்கும் முன்னால் கிளம்புகிறவள். “வஹீதாக்கா,” என்றாள். “நான் போனப்புறம் நீங்க இன்னா பண்ணுவீங்க?”

“எப்பவாச்சும்தான் சரசா. கண்ணு தெரியாம நீ ரெண்டு தையல் தப்பா போட்டா...”

“எனக்கா கண்ணு தெரியல? நீங்க தொழப் போற நேரத்துல உங்க பக்கம் யாரு சரி பண்றான்னு நெனச்சீங்க? வானத்துலேர்ந்து மலக்கு எறங்கி வந்து தெக்கிறாரா?”

வஹீதுன்னிசா போர்வையின் மேல் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு உரியவர் என்பதால் தன்னுடையதைப் பிரிக்க மற்றவர்களுக்கு நேரமே கிடைக்காது என்று நம்பியிருந்தார் போல.

அதற்கு மேல் அங்கே நிற்க எனக்குக் காரணம் இல்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கினேன்.

அந்த வாரம், பவ்யா என்னையும் சேர்த்துவிட்டிருந்த வாட்ஸ்அப் குழுவில் சத்தமே இல்லை. தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் அனுப்பும் சரசாக்காகூட அனுப்பவில்லை. மொட்டை மாடியில் பவ்யாவைப் பார்த்தேன்.

“என் தையல் அவ்வளவு மோசமாங்க?” என்று கேட்டாள்.

“தெரியாது. நான் என்னோடத மட்டுந்தான் பாத்தேன்.”

“நீங்க கீழயே டீ குடிச்சுட்டுப் போயிருக்கலாம்.”

“போயிருக்கலாம்,” என்றேன்.

யோசித்துப் பார்த்தேன். ஆபீசில் என் தப்பைச் சொல்வதற்கென்றே ஒரு பிரிவு இருந்தது, திருத்தித் தர ஆள் இல்லை. இங்கே உட்கார்ந்து திருத்துகிறார்கள், சொல்வதில்லை. இரண்டில் எதோடு காலம் தள்ள முடியும்? முதலாவதோடு முடியாது என்பது தெரிந்ததுதான். இரண்டாவதில் எந்தப் பாராட்டு உண்மை என்று பார்க்க வாரா வாரம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேற வேண்டியிருக்கும். அப்படியானால் அதுவும் பாதியில் நிற்கும்.

மூன்றாவது சனிக்கிழமை சொல்லியாக வேண்டிய நாள். சொல்வதற்கு அங்கே யாராவது இருப்பார்களா என்பதே சந்தேகம். போய்ப் பார்த்தால் மூவரும் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள். என் பாகற்காய் பாதி பிரித்தபடியே கிடந்தது. யாரும் அதைத் தொட்டிருக்கவில்லை. நான் அதற்கு எதிரே உட்கார்ந்தேன். யாரும் யாரையும் பாராட்டவில்லை. பவ்யாவின் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்தது, மறுபடி அடித்தது. சரசாக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், எழவில்லை. அவளுடைய பஸ் போயிருக்கும். எல்லோருக்கும் பசி. முதலில் எழுந்து போக யாருக்கும் தைரியம் இல்லை.

மசூதியில் தொழுகைக்குப் பாங்கு சொல்வது கேட்டது. வஹீதுன்னிசா எழுந்தே ஆக வேண்டும். ஊசியைத் துணியில் குத்தி வைத்தார், முக்காட்டைச் சரி செய்தார். சரசாக்காவை ஒரு பார்வை, பிறகு என்னை.

“எழிலு, நீ இந்தப் பக்கம் வந்து உக்காரு. நான் வர்ற வரைக்கும் என் எடத்துல யாரும் கை வெக்கக் கூடாது.”

உள்ளறைக் கதவு சாத்திக்கொண்டது. நான் இடம் மாறி உட்கார்ந்தேன். அவர் அன்று தைத்த இலை என் கண் முன்னால் இருந்தது. நன்றாகத்தான் இருந்தது, நுனியில் மட்டும் ஓரிடத்தில் தையல் கோட்டை விட்டு வெளியே போயிருந்தது.

சரசாக்காவும் அதைப் பார்த்துவிட்டாள். கை தானாக நீண்டது. “அந்தக் கத்திய இப்டி குடு. ஒண்ணே ஒண்ணுதான். அவங்க வர்றதுக்குள்ள ஆயிடும்.”

“அவங்க வரட்டும்க்கா.”

“என் போர்வ இது. கோணலா கெடக்குமா?”

“வந்ததும் சொல்லுங்க.”

“மூஞ்சிக்கு நேராவா? அவங்க ஊட்ல உக்காந்துகினு, அவங்க சமோசாவத் துன்னுகினு?”

“ஆமா.”

“நீ வேலைய வுட்டியா, தொரத்திட்டாங்களா?” என்றாள் சரசாக்கா. பவ்யா வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன்.

வஹீதுன்னிசா வந்தார். உட்காரவில்லை. “யாராச்சும் தொட்டாங்களா?”

“தொடல,” என்றேன். “நுனியில ஒரு தையல் கோட்ட விட்டுப் போயிருக்கு. சரசாக்கா பிரிக்கணும்ங்கிறாங்க.”

சரசாக்கா என்னைப் பார்த்த பார்வையில் அந்தப் பள்ளி வேனில் ஒரு பிள்ளையும் வாய் திறக்காது. வஹீதுன்னிசா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார்.

“எங்க?”

சரசாக்கா விரலை வைத்தாள். “இங்க.”

“இதுவா? இதுக்கா பிரிக்கணும்?”

“பிரிக்கணும்.”

“நீ போட்ட எல மட்டும் ஒழுங்கா? இந்தா, இந்த எடத்துல அடித்துணியே பிடிக்கல.”

“எங்க? காட்டுங்க. பிடிக்கலன்னா நானே பிரிக்கிறேன்.”

“என்னோடதும் பாத்துச் சொல்லுங்க,” என்றாள் பவ்யா. “எல்லாத்தையும் சொல்லுங்க.”

“அல்லாத்தையும் சொன்னா அடுத்த தீபாவளி வந்துரும் கண்ணு,” என்றாள் சரசாக்கா. பவ்யாவின் முகம் சுருங்கியது. ஆனாலும் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தாள்.

மூவரும் சத்தம் போட்டுக்கொண்டே ஒருவர் இடத்தை ஒருவர் தடவிப் பார்த்தார்கள். கீழே கடையிலிருந்து அப்துல் ஜப்பார் என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை, தைக்கிறோம் என்று வஹீதுன்னிசா கத்தினார். அப்போதுதான் பவ்யாவுக்கு நினைவு வந்தது.

“எழில், நீங்க இன்னைக்குச் சொல்லணுமில்லைங்க? சேர்றீங்களா, இல்லையா?”

மூவரும் நிமிர்ந்தார்கள். நல்ல துணியை ஏன் வெட்டுகிறார்கள் என்பது எனக்கு அப்போதும் புரியவில்லை.

“சேர்றேன்,” என்றேன்.

“அப்ப மொதல்ல அந்தப் பாகக்காயப் பிரி,” என்றாள் சரசாக்கா.

“எங்கேர்ந்து?”

“ஆரம்பத்துலேர்ந்து.”