மூன்று மணிக்கு நான் தூங்கிக்கொண்டிருந்தேன்

போன ஞாயிறு காலை ஒன்பது நாற்பதுக்கு ஆலயத்தின் பக்க அறையில் இருந்தவர்கள்:

லிஃப்ட் மெக்கானிக்.
அவர் மனைவி, கழுத்தில் புதுத் தழும்போடு.
என் அக்கா.
நான்.
மடக்கு நாற்காலிகள், முப்பத்தொன்று. (யார் முகத்தையும் பார்க்க முடியாதபோது மனிதன் நாற்காலி எண்ணுவான்.)

1

சபை இதழுக்கு ‘அன்றாட வாழ்வில் பரிசுத்தம்’ என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டார்கள். வேலையில்லாதவன், எழுதத் தெரிந்தவன், சும்மா இருப்பவன் என்று என்னைப் பிடித்தார்கள். கட்டுரை வரவில்லை. இந்தக் கதை வந்தது. இது பிறந்தது ஒரு பொய்யிலிருந்து என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் கேமரா திரைகளைப் பார்க்கும் இரவு வேலையில் இருந்தேன். ஒரு மாலை வேலைக்குப் போகும்போது லிஃப்ட் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றுவிட்டது. கதவை நெம்பி என்னை வெளியே இழுத்தவர் அந்த மெக்கானிக். எங்கள் சபைக்காரர்தான், பின் வரிசை. கிரீஸ் கையைத் துடைத்தபடியே, மனைவிக்குக் கழுத்தில் கட்டி என்றார். இன்னும் நாற்பது நாளில் அறுவை சிகிச்சை.

“ஜெபிச்சுக்கிறேன் அண்ணே.”

இதோடு நிறுத்தியிருந்தால் கதையே இல்லை. மற்றவர்கள் ‘பார்க்கலாம்’ என்பதைப் போல நாங்கள் இதைச் சொல்வோம். எனக்கு வாய் நீளம்.

“ராத்திரி மூணு மணிக்கு முழிச்சுதானே இருப்பேன்? தினமும் மூணு மணிக்கு அண்ணிக்காக ஜெபிக்கிறேன்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்ப நானும் அலாரம் வெச்சு எழுந்திருக்கிறேன் தம்பி. ரெண்டு பேரா கேப்போம்.”

பன்னிரண்டாம் நாள் நான் அந்த வேலையை விட்டேன். அதுவரை மூன்று மணிக்குத் திரைகளுக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்கினேன். அதன் பிறகு வீட்டில், தலையணையோடு தூங்கினேன். ஞாயிறுதோறும் அவர் பின் வரிசையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார். நானும் காட்டுவேன்.

2

தொடக்கங்கள்.

‘அவன் மூன்று மணிக்கு முழங்காலில் நின்றபோது நகரம் முழுவதும்—’
(முழங்கால் பொய். நகரத்தைப் பார்த்ததும் பொய்.)

‘பரிசுத்தம் என்பது ஒரு மலைப்பாதை, அதில்—’
(இதை எழுதியவனை அறைய வேண்டும்.)

‘ஒன்பது நாற்பது. பத்து மணிக்கு ஆராதனை.’
(இதுதான்! இதை எழுதியதும் எழுந்து அறையை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இன்னும் உட்கார முடியவில்லை. நின்றபடி எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.)

அறுவை சிகிச்சை நல்லபடி முடிந்திருந்தது. கட்டியில் கெட்டது எதுவும் இல்லை. பத்து மணிக்கு மெக்கானிக் சபை முன்னால் நின்று, கடவுள் செய்த நன்மைக்குச் சாட்சி சொல்லப் போகிறார். என்னைப் பக்கத்தில் நிறுத்தி, நாற்பது நாளும் தன்னோடு விழித்திருந்தவன் இவன் என்று சொல்லப் போகிறார். அதற்காக அக்கா என் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தாள். வீட்டில் முடங்கிக் கிடக்கும் தம்பியைப் பற்றி வெளியே சொல்ல அவளுக்கு முதன்முறையாக ஏதோ கிடைத்திருந்தது.

இருபது நிமிடம். அதற்குள் நான் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்.

3

மெக்கானிக் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். ரொம்ப நல்லவராக இருக்கிறார். கஞ்சன் ஆக்கிப் பார்த்தேன், முன்கோபி ஆக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நிஜத்தில் அவருக்கு இருக்கும் ஒரே குறை, யார் பேசினாலும் குறுக்கே விழுவார். அன்றைக்கு என் உயிரை எடுத்தது அதுதான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பக்கத்துல நின்னா போதும்.”

“அது இல்லண்ணே...”

“கூச்சப்படாதே தம்பி!”

“இவன் எப்பவும் இப்படித்தான்,” என்றாள் அக்கா, பெருமை தாங்காமல். “ஃபோட்டோவுக்குக்கூட நிக்க மாட்டான்.”

“நான் ஜெபிக்கல.”

“ஒரு நாள் ரெண்டு நாள் அசந்துபோறது எல்லாருக்கும்...”

“ஒரு நாள்கூட ஜெபிக்கலண்ணே. மூணு மணிக்குத் தூங்கிட்டிருந்தேன். நாப்பது நாளும்.”

(நடுவில் நின்றுபோன லிஃப்ட் மறுபடி நகரும்போது வயிற்றில் ஒரு தூக்கல் வருமே, அது எனக்கு அந்த நேரம் வந்தது. அவமானம் அதற்குப் பிறகுதான் வந்தது. வரிசையை மாற்றாமல் எழுதுகிறேன்.)

4

இங்கே உங்களுக்கு மூன்று முடிவுகள்.

அ. மெக்கானிக் சிரிக்கிறார்: “நானும் அஞ்சாம் நாளே விட்டுட்டேன் தம்பி!” (உங்களுக்குப் பிடிக்கும். எனக்கும் வசதி. அதனால் வேண்டாம்.)

ஆ. அவர் மனம் உடைந்து சபையை விட்டே போய்விடுகிறார். (அழவைத்தால் ஆழம் என்று நினைப்பவர்களுக்கு.)

இ. நடந்தது.

“இருபதாவது நாள் எனக்குக் காய்ச்சல்,” என்றார் மெக்கானிக். “எழுந்திருக்க முடியல. அங்க ஒருத்தன் முழிச்சிருக்கான், நாம படுத்துக் கிடந்தா அசிங்கம்னு எழுந்தேன்டா.”

அவர் என்னை ‘டா’ போட்டது அதுதான் முதல் தடவை.

“மானத்தை வாங்கிட்டியே, பாவி,” என்றாள் அக்கா. “இதுக்கு இஸ்திரி வேற.”

அண்ணி கணவரைப் பார்த்தார். “அப்ப நீங்க தனியாவா எழுந்தீங்க?”

(அந்தப் பார்வையில்— வேண்டாம். எனக்கு எழுத வராது.)

பிறகு என் பக்கம் திரும்பினார். “ஆறு மாசத்துல இன்னொரு ஸ்கேன் இருக்கு தம்பி. ஜெபிப்பியா? முடியும்னா முடியும்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லிடு.”

நான் யோசித்தேன். அந்தக் கேள்விக்கு வாழ்நாளில் முதன்முறையாக யோசித்தேன்!

“ராத்திரி மூணுக்கு முடியாது அண்ணி, தூங்கிடுவேன். பகல் மூணுக்கு முடியும்.”

“பகல் மூணுக்கு நான் ஏதாவது லிஃப்ட் குழியில கிடப்பேன்,” என்றார் மெக்கானிக், என்னைப் பார்க்காமல். சற்றுப் பொறுத்து, “குழியிலேருந்து கூப்பிட்டாலும் மேலே கேக்கும்,” என்றார்.

மணி அடித்தது. அவர் தனியாகப் போய் மைக் முன்னால் நின்றார். “கூட ஒருத்தர் முழிச்சிருக்காருன்னு நம்பி எழுந்தேன்,” என்றார். “முழிச்சிருந்தார்.” மேலே கையைக் காட்டிவிட்டு இறங்கிவிட்டார். நான் யோசித்து எழுதிய வரியாக இருந்தால் அடித்திருப்பேன். அவர் சொன்னது, இருக்கட்டும்.

5

கட்டுரை கேட்டவர்களுக்கு: பரிசுத்தத்தில் வளர்வது பற்றி எனக்கு இவ்வளவுதான் தெரியும். ஒரே ஒரு பொய்யைத் தூக்கி வெளியே போட்டேன். உள்ளே எவ்வளவு இடம்! இன்னும் எத்தனை அடைந்து கிடக்கின்றன என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒவ்வொன்றாக இழுத்துப் போட வேண்டியதுதான். கை பரபரக்கிறது.

அதே ஞாயிறு, பகல் இரண்டு ஐம்பத்தெட்டு. காலையிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. நான் என் அறைச் சாவியை ஆணியிலிருந்து எடுத்தபோதுதான் வாயைத் திறந்தாள்.

“எதுக்குடா பூட்டுற?”

“நீ எட்டிப் பார்த்தா நடிச்சிருவேன்க்கா.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “போ, போய்த் தொலை. மூணாகப் போகுது.”

உள்ளே என்ன நடந்தது என்று நான் எழுதினால் நீங்கள் நம்பக் கூடாது. நாற்பது நாள் கட்டைவிரலைக் காட்டியவன் நான். முடிவு உங்களிடமே இருக்கட்டும். அக்கா நின்ற பக்கத்திலிருந்து கேட்டதை மட்டும் எழுதுகிறேன்: கதவு சாத்திக்கொண்டது. சாவி ஒரு சுற்றுத் திரும்பியது.