கால்மாட்டு டயர்

நனைந்த புளிய விறகின்மேல் எத்திராஜைக் கிடத்திவிட்டு, எல்லோரும் டயருக்காகக் காத்திருந்தார்கள்.

மூன்று நாளாக மழை. சித்தூர் ஆஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிக் கொடுத்த உடம்பு. இதற்குமேல் வைத்திருக்க முடியாது. மகன் இல்லாததால் கொள்ளி வைக்க மகள் சுமித்ரா வந்திருந்தாள். திருப்பதியில் பி.எஸ்சி. இயற்பியல் முடித்தவள். நாலு பேர் சேர்ந்து நின்றால் குரல் எழும்பாது அவளுக்கு.

சித்தப்பா ஜெயபிரகாஷ் இரண்டு பழைய லாரி டயர்களை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்தார்.

"ஓனரு குடுத்தனுப்புனாரு. ஈர வெறகுக்கு இது இருந்தாத்தான் நின்னு எரியும்."

ஓனர் சுரேஷ்பாபு குடைக்குக் கீழே நின்றிருந்தார். எத்திராஜும் தம்பி ஜெயபிரகாஷும் அவருடைய மாங்காய் லாரிகளைத்தான் ஓட்டினார்கள். "நித்ர பட்டேசிந்தி, தூக்கம் வந்துடுச்சி, பாவம்," என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "முன்னாடி ரெண்டும் நல்ல ரேடியலு. டிரைவரு கண்ண மூடிட்டா டயரு இன்னா பண்ணும்?"

டிரைவர் தூங்கிவிட்டதால்தான் விபத்து என்றே போலீஸ் காகிதத்திலும் எழுதியிருந்தது. காலையில் சுமித்ரா அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள். அம்மா பிரமிளா அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "இருவத்தாறு வருசம் ஓட்னவரு. தூங்கினாருன்னு எவன் எழுதனான்? எனக்கு வேற ஒண்ணும் வாணாம். அந்த ஒரு வரிய மாத்தச் சொல்லு."

தலைமாட்டில் ஒரு டயரை வைத்தார்கள். கால்மாட்டில் மற்றொன்று. கால்மாட்டு டயரின் பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கிழிசலில் கம்பி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. வெறும் நூல். சாக்கு பிரிந்ததுபோல் நூல்.

விபத்துக்கு முந்தின நாள் திருப்பதியிலிருந்து அப்பா அவளுக்குப் போன் செய்திருந்தார்.

"ஸ்டீரிங்கு இடதுபக்கமே இழுக்குது கண்ணு. அந்தப் பக்க ரேடியலு போயிடுச்சின்னு ஷெட்ல கெடந்த நைலான மாட்டி வுட்டாங்கோ."

"ஒரே அச்சுல ரெண்டும் வேற வேறயா? கூடாது நைனா."

"ஏம்மா, படிச்சவ நீ சொல்லு பாக்கலாம், ஏன் கூடாது?"

அவள் சொன்னாள். ரேடியலில் இழைகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நேராக ஓடும். மேலே கம்பிப் பட்டை. பக்கம் வளைந்து கொடுத்தாலும் ரோட்டைத் தொடும் இடம் படிந்து நிற்கும். நைலானில் இழைகள் குறுக்கும் நெடுக்குமாக, அடுக்கடுக்காக. பக்கமும் விறைப்பு, சூடும் அதிகம்.

"அவ்ளோதானா? நான் சொல்றேன் கேளு. வண்டில ஒரு பக்கம் எருமைய கட்டி, ஒரு பக்கம் குதிரைய கட்டுனா? அதான்." சிரித்தார். "நாளைக்கு ஒரு நடைதான். அப்பறம் மாத்துறேன்னு ஓனரு சொல்லிக்கீறாரு."

அப்போது அவள், ஓட்டாதே என்று சொல்லவில்லை. சரி நைனா என்றாள்.

கையில் கொள்ளியின் சூடு ஏறியது.

"சித்தப்பா," என்றாள் மெல்ல. "இது நைனா வண்டி டயரு."

ஜெயபிரகாஷ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "வெறகு ஈரம்மா. மறுபடியும் மழை வந்துக்கினு கீது. வெய்யி."

எல்லோரும் அவளையே பார்த்தார்கள். ஓனர் குடையைத் தாழ்த்திப் பிடித்தார். அவள் வைத்தாள். கரும்புகை மேலே போகாமல் தரையோடு ஊர்ந்தது.

மறுநாள் காலை பால் ஊற்ற அவளும் சித்தப்பாவும் மட்டும் வந்தார்கள். மழை விட்டிருந்தது. தலைமாட்டில் கம்பிக் குவியல், சிக்குப்பிடித்த முடிபோல. ரேடியல். கால்மாட்டில் இரண்டு இரும்பு வளையங்கள் மட்டும் கிடந்தன. டயரின் ஓரத்துக் கம்பி. அந்த வளையம் இரண்டு வகை டயரிலும் உண்டு. வளையத்தைத் தவிர வேறு கம்பியே இல்லாத அந்தச் சாம்பல்தான் சாட்சி. அதைக் கையில் எடுத்துக்கொண்டு எந்த ஸ்டேஷனுக்கும் போக முடியாது. போட்டோதான் எடுக்கவேண்டும்.

சுமித்ரா பால் சொம்பைக் கீழே வைத்தாள். செல்லை எடுக்கக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

அதற்குள் ஜெயபிரகாஷ் நீளக் கழியைக் கம்பிக் குவியலுக்குள் விட்டுக் கிளறினார். அதைத் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு இழுத்து வந்து வளையங்களின்மேல் புரட்டினார். கவனமாக, இரண்டு முறை. எது எந்த டயர் என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"கால்ல குத்தும்மா," என்றார். "எலும்பு பொறுக்கணும் இல்ல."

அவள் செல்லைத் திரும்ப வைத்தாள். குனிந்து பொறுக்கத் தொடங்கினாள். ஒரு எலும்புத் துண்டில் மெல்லிய கம்பி சுற்றியிருந்தது. பிரித்துப் போட்டாள்.

"நாளைக்கு வண்டி எடுக்கிறியா சித்தப்பா?"

"எடுக்காம? திருப்பதி லோடு கீது."

"உன் வண்டில முன்னாடி இன்னா டயரு?"

ஜெயபிரகாஷ் கழியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்.

சுமித்ரா சொம்பை எடுத்துப் பாலை ஊற்றினாள். கம்பிகளுக்கு அடியில் எங்கோ இன்னும் சூடு இருந்தது. உஸ்ஸென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.